‘இன்று இரவு கரண்ட் கட்’ மெசேஜும், புகார் கொடுக்கப் போன அலைச்சலும்

“போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைக் கூப்பிடவும்.” ஆங்கிலத்தில் இப்படி ஒரு எஸ்எம்எஸ், கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் இருக்கும் அம்மாவின் போனுக்கு. பணம் போகவில்லை. போனது ஒரு பகலும் பஸ் காசும்தான், அதுவும் புகார் கொடுக்கப் போய்.

“போன மாத பில்” என்ற இடத்திலேயே குட்டு உடைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். மெசேஜில் இணைப்பு எண் இல்லை, தொகை இல்லை. வந்ததும் சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து. மின் வாரியமோ வங்கியோ அனுப்பினால் நம்பருக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 2025 முதல் அதன் கடைசியில் எஸ், டி, ஜி, பி என்று ஓர் எழுத்தும் வருகிறது (சேவை, பரிவர்த்தனை, அரசு, விளம்பரம்).

நம் மாவட்டத்தில் இது எடுபடக் காரணம் உண்டு. பல வீடுகளுக்கு பில் கட்டுவது வளைகுடாவில் இருக்கும் மகன். கட்டினானா, மறந்துவிட்டானா என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. மெசேஜில் இருக்கும் ‘அதிகாரி’யைக் கூப்பிட்டால், பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்லி, நம் ஸ்கிரீனை அங்கிருந்தே பார்க்கிற ஆப் ஒன்றை ஏற்ற வைப்பார்கள். அப்புறம் வரும் ஓடிபியை நாம் சொல்லவே வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இனி அலைச்சல். உள்ளூர் ஸ்டேஷனில், “இதுக்கெல்லாம் நாகர்கோவில் போங்க.” அங்கே போனால், “எவ்வளவு போச்சு? யூடிஆர் நம்பர் (பணப் பரிவர்த்தனைக்கான எண்) என்ன?” ஒன்றும் போகவில்லை என்றதும், “அப்ப ஆன்லைன்ல போடுங்க.” இதை ஊரிலேயே சொல்லியிருக்கலாம், சவம்!

பணம் போகாத மோசடி மெசேஜுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற புகார்ப் பகுதி இருக்கிறது. மெசேஜ் வந்து 30 நாளுக்குள் போட வேண்டும். வகையில் மின்சாரம், வங்கி கேஒய்சி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரீன்ஷாட் மெசேஜ் வந்த போனிலேயே எடுக்க வேண்டும். அம்மா ஃபார்வேர்ட் செய்ததை நம் போனில் எடுத்தால் மேலே அம்மாவின் நம்பர்தான் நிற்கும்! கடைசியில் ஓடிபி வரும், அந்த போனும் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் விளம்பரத் தொல்லை என்றால் 1909 என்ற நம்பரில் சொன்னால் போதும்.

பணம் போயிருந்தால் சக்ஷு பக்கமே போக வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. அடுத்தடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. வங்கிப் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். புகார் எண் மெசேஜில் வரும்; அதை வைத்து தேசிய சைபர் கிரைம் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிய வேண்டும்.

வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். ஓடிபி நாமே கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் தலையில்; சொன்ன பிறகு போனால் அவர்கள் பொறுப்பு. அதனால் வாய்மொழியோடு விடாமல், நேரம் குறித்த புகார் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.