கியூஜிஐஎஸ்: சிஆர்எஸ் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்கத் தொடங்குபவர்கள் லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு), வெக்டர், ராஸ்டர் வரை சுலபமாக வந்துவிடுகிறார்கள். கிணறு புள்ளி, சாலை கோடு, ஏரி பரப்பு, இவை வெக்டர். ஒவ்வொன்றின் பெயர், அளவு, வகை எல்லாம் லேயரின் அட்ரிபியூட் டேபிள் என்ற அட்டவணையில் இருக்கும். ராஸ்டர் என்பது கட்டம் கட்டமான படம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் மிக நுண்ணிய பிக்சலே தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நான்கு மீட்டர் அகல வாய்க்காலின் கரையை அதில் பார்த்து வரைய முடியாது. எவ்வளவு ஜூம் செய்தாலும் கட்டம்தான் பெரிதாகும்.

சறுக்கும் இடம் சிஆர்எஸ், அதாவது ஆள்கூற்று முறை. ஒரு கோப்பில் உள்ள எண்கள் பூமியில் எந்த இடத்தைச் சுட்டுகின்றன என்று சொல்வது அதுதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இபிஎஸ்ஜி எண் உண்டு. ஜிபிஎஸ் தருவது 4326, அலகு டிகிரி. இணைய வரைபடங்களின் பின்னணி 3857. அலகு மீட்டர்தான், ஆனால் அந்த மீட்டரை நம்பக் கூடாது. சென்னையின் அட்சரேகையில் அது நீளத்தை 2.6 சதவீதமும், பரப்பை 5 சதவீதத்துக்கு மேலும் கூட்டிக் காட்டும்.

அளப்பதற்கு யூடிஎம் நல்லது; பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை அது. தமிழ்நாட்டில் ஒரு சிக்கல்: 78 டிகிரி தீர்க்கரேகை மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கோவை 43ஆம் மண்டலம், எண் 32643. சென்னை, மதுரை, திருச்சி 44ஆம் மண்டலம், எண் 32644. இலங்கை முழுவதும் 44தான். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி ஒரு பக்கம், நத்தம் மறுபக்கம். அப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது ஒரு மண்டலத்தை எடுத்துக்கொண்டு வேலை முழுக்க அதிலேயே இருங்கள். எல்லையோரத்தில் வரும் பிழை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம்தான். பாதியை இதிலும் பாதியை அதிலும் வைத்து ஒட்டுவது அதைவிடப் பெரிய தலைவலி.

இனி முக்கியமானது. 'செட் லேயர் சிஆர்எஸ்' எண்களைத் தொடாது; பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும். 'ரீபுரொஜெக்ட் லேயர்' எண்களையே புதிதாகக் கணக்கிட்டு வேறொரு லேயராகத் தரும். டிகிரியில் உள்ள கோப்புக்கு முதலாவதைப் பயன்படுத்தி 32644 என்று சீட்டு ஒட்டினால், 80.27 டிகிரி 80.27 மீட்டராகிவிடும், மாவட்டமே நிலநடுக்கோட்டருகே கடலில் ஒரு சின்னப் புள்ளியாகச் சுருங்கும். சீட்டு காணாமலோ தவறாகவோ இருந்தால் மட்டும் முதலாவது, மற்றபடி இரண்டாவது.

திரையில் லேயர்கள் பொருந்தித் தெரிவதால் எல்லாம் ஒரே சிஆர்எஸ் என்று நினைத்துவிடாதீர்கள். புராஜெக்டின் சிஆர்எஸ்ஸுக்கு ஏற்ப மென்பொருள் காட்சியை மட்டும் மாற்றிக் காட்டுகிறது. கோப்பு பழையபடியே இருக்கும். பஃபர் (ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வரையும் வளையம்) போடும்போது குட்டு வெளிப்படும்: 4326 லேயருக்கு 500 என்று கொடுத்தால் 500 டிகிரி! ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்பைக் கணக்கிடும் area என்ற ஃபங்ஷனும் அப்படியே. ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு 0.0000008 போல ஏதோ வரும்.

புள்ளிகளின் பட்டியல் உள்ள சிஎஸ்வி கோப்பை ஏற்றும்போது எக்ஸ் தீர்க்கரேகை, ஒய் அட்சரேகை. மாற்றிக் கொடுத்தால் சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக்கில், சுவால்பார்ட் தீவுகள் பக்கம் போய் நிற்கும்.

வெக்டர் தரவைச் சேமிக்கும் பழைய வடிவமான ஷேப்ஃபைல் ஒரே கோப்பு அல்ல. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். பிஆர்ஜே விடுபட்டால் சிஆர்எஸ் தகவல் போய்விடும். அட்டவணையின் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலா 3 பைட் என்பதால் 'மாவட்டம்' என்ற பெயர்கூட முழுதாக ஏறாது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஜியோபேக்கேஜில் சேமியுங்கள்: ஒரே கோப்பு, பல லேயர்கள், தமிழும் உடையாது.