ஸ்பிட்ஃபயருக்கு ஓவர்டிரைவ்: ஷாஃப்ட் வேலை நாட்குறிப்பு

2024 ஜனவரி 7, ஞாயிறு

இங்கிலாந்தில் இருந்து மரப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே என் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காருக்கான கியர்பாக்ஸ், அதன் வால் பக்கம் லேகாக் டி-டைப் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்துக்கு இன்ஜினைக் குறைவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர். அதை இயக்குகிற மின்காந்தமான சோலனாய்டுக்கு பேட்டரியை வைத்துப் பார்த்தேன், டக்கென்று இழுத்தது. வயிறு குளிர்ந்தது.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலில், பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்கு 9 பல், அது சுற்றுகிற பெரிய க்ரௌனுக்கு 37. விகிதம் 4.11. டாப் கியரில் மணிக்கு 100 கி.மீ. போனால் இன்ஜின் கிட்டத்தட்ட 4,000 சுற்று சுற்றுகிறது. 1,296 சிசி இன்ஜின் அதைத் தாங்கும், ஆனால் சேலம் வரை காது தாங்காது. டி-டைப்பின் விகிதம் 0.802. அதைப் போட்டால் அதே வேகத்துக்கு 3,200 சுற்று போதும்.

பெட்டியில் வராத ஒன்று, கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். ஓவர்டிரைவ் இருந்தால் கியர்பாக்ஸ் நீளம், ஷாஃப்ட் குட்டை. இந்த மாதிரி மாற்றங்களில் எல்லோரும் கியர்பாக்ஸைப் பற்றியே பேசுகிறார்கள்; ஷாஃப்ட் என்றால் "வெட்டி வெல்டு வைத்தால் முடிந்தது" என்கிறார்கள். வண்டி ஓடும்போது நம் இடுப்புக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை சுற்றுகிற இரும்புக் குழாய் அது. முதலில் திட்டம் போட வேண்டியதே அதற்குத்தான் என்பது என் எண்ணம்.

ஜனவரி 10, புதன்

பழைய கியர்பாக்ஸை இறக்கியாயிற்று. இந்தக் காரில் அதைக் கீழ்வழியாக எடுக்க வேண்டியதில்லை. இருக்கைகளையும் நடுவில் உள்ள டனல் மூடியையும் கழற்றினால் உள்ளிருந்தே தூக்கிவிடலாம்.

புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் இரண்டாவது சிக்கல் தெரிந்தது. ஓவர்டிரைவின் ஃபிளேஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கிற வட்டத் தட்டு) பெரியது, நாலு ஓட்டைகளும் 3/8 அங்குலம். என் ஷாஃப்டின் ஃபிளேஞ்ச் சிறியது, 5/16. நடுவில் மையம் பிடிக்கிற வட்ட மேடான ஸ்பிகாட்டின் விட்டமும் வேறு. பழைய கியர்பாக்ஸின் ஃபிளேஞ்சைக் கழற்றி இதில் போடலாமா என்று பார்த்தேன். தண்டில் உள்ள வரிப் பற்கள், அதாவது ஸ்ப்ளைன், சேரவில்லை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பெரிய ஃபிளேஞ்ச் உள்ள யோக்கை (ஷாஃப்ட் முனையில் உள்ள கவை) தேடிப் பிடித்து ஷாஃப்டின் முன்முனையில் வைப்பது. இன்னொன்று, நடுவே ஒரு அடாப்டர் தட்டு. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். சேர்மானம் ஒன்று குறையும், எடையும் குறையும். ஆனால் என் கிராஸ் (இரண்டு யோக்குகளை மடங்கும்படி இணைக்கிற சிலுவைத் துண்டு) அளவுக்குப் பொருந்துகிற யோக் எங்கேயும் அகப்படவில்லை. சரி, தட்டுதான்.

பழைய கிராஸைக் கழற்றி அதன் தண்டில் விரல் நகத்தை ஓட்டினேன். நகம் வரிவரியாகத் தட்டியது. ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடித்த தடம். கிராஸ் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

ஜனவரி 13, சனி

நாளை போகி. பட்டறைகள் எல்லாம் பூட்டிவிட்டார்கள், புதன் வரை யாரும் வர மாட்டார்கள். நல்லதுதான், அளக்க நேரம் கிடைத்தது.

புது கியர்பாக்ஸை ஏற்றி, இன்ஜின் ரப்பர், கியர்பாக்ஸ் ரப்பர் எல்லாம் புதுசு போட்டு முறுக்கினேன். தொய்ந்த ரப்பர் மேல் அளந்தால் எந்த அளவும் நிற்காது. லாரி, ஜீப் போன்றவற்றில் பின் அச்சே மேலும் கீழும் ஆடும். ஷாஃப்ட் அதற்கேற்ப நீண்டு சுருங்க வேண்டும். ஸ்பிட்ஃபயரில் டிஃபரன்ஷியல் சேசிஸிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது, சக்கரங்கள் மட்டும்தான் ஆடும். ஆகவே ஷாஃப்டின் ஸ்லைடிங் ஸ்ப்ளைன் இன்ஜின் ரப்பரின் அசைவை மட்டும் வாங்கினால் போதும். நான் இரண்டு பக்கமும் 20 மி.மீ. விட்டிருக்கிறேன். மொத்த நீளத்தை இங்கே எழுதவில்லை. உங்கள் வண்டியில் அளந்து, அடாப்டரின் தடிமனைக் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் மாறினால் அளவு மாறும்.

நீளத்தை விடக் கோணம் முக்கியம். டிஜிட்டல் மட்டத்தை ஃபிளேஞ்ச் முகத்தில் ஒட்டிப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பின்பக்கமாக 3.0 டிகிரி சரிகிறது, டிஃபரன்ஷியல் பினியன் 2.4. நடுவில் ஷாஃப்ட் போகிற கோடு 0.8. அப்படியென்றால் முன் கிராஸ் 2.2 டிகிரி மடங்குகிறது, பின் கிராஸ் 1.6.

மடங்கிய கிராஸ் வழியாகச் சுற்றும்போது ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறைகிறது. 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.14 சதவீதம். 6 டிகிரியில் 0.55. கோணம் இரட்டிப்பானால் உதறல் நாலு மடங்கு. முன் கிராஸ் செய்த குளறுபடியைப் பின் கிராஸ் சரி செய்ய வேண்டுமென்றால் இரண்டும் ஒரே அளவு மடங்க வேண்டும், இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சரி, கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைத்துவிடலாமே என்றால் அதுவும் கூடாது. ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று தண்டைக் குழி பறிக்கும். அரை டிகிரியாவது வேண்டும்.

கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அடியில் 8 மி.மீ. தட்டு கொடுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் 2.4-க்கு வந்தது, ஷாஃப்ட் கோடு 1.3. முன்னும் பின்னும் 1.1. டனல் மூடியும் இடிக்கவில்லை. இதற்கு மேல் கேட்கக் கூடாது.

ஜனவரி 20, சனி

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் மாஸ்டரிடம் நாள் முழுக்க. அந்தக் காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் தொழில் பழகியவர். 1961-இல் இருந்து மெட்ராஸில் செய்த அந்த ஹெரால்டின் சேசிஸில் இருந்து வந்ததுதான் ஸ்பிட்ஃபயரும். வண்டியின் பெயரைச் சொன்னதுமே, "அட, நம்ம ஹெரால்டு ஷாஃப்ட்டுங்க" என்றார்.

அடாப்டர் தட்டுக்கு ஈஎன்8 என்ற நடுத்தர கார்பன் இரும்பு, 12 மி.மீ. தடிமன். நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஷாஃப்டை மையத்தில் பிடிப்பது ஸ்பிகாட், போல்ட் இல்லை. போல்ட் இறுக்கிப் பிடிப்பதோடு சரி. ஓட்டைகளை நம்பி மையம் வைத்தால் கால் மி.மீ. விலகினாலும் வண்டி உதறும்.

"அது தெரியாமலா இருக்கிறேன், தம்பி?" என்றவர், ஒரு பக்கக் குழியைக் கடைந்து முடித்து, தட்டைத் திருப்பி நாலு ஜா சக்கில் மாட்டினார். மையம் விலகலைக் காட்டுகிற டயலை வைத்து, கையால் சக்கைச் சுற்றி, சாவியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முள் அசையாமல் நிற்கும்வரை மெஷினைப் போடவே இல்லை. அரை மணி நேரம் அதற்கே போயிற்று. ஸ்பிகாட் கையால் அழுத்தினால் உட்காருகிறது, ஆட்டினால் ஆடவில்லை.

ஷாஃப்டில் வெல்டை லேத்திலேயே சீவி யோக்கைப் பிரித்தோம். குழாயை வெட்டி, யோக்கை மறுபடி அழுத்தி ஏற்றி, சமதளத்தில் வைத்து இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று மட்டம் பார்த்தோம். பிறகு எதிரெதிராக நாலு புள்ளி வெல்டு, மறுபடி டயல், செம்புச் சுத்தியலால் மெல்லத் தட்டல், அப்புறம்தான் முழு வெல்டு. ஒரே பக்கத்தில் ஆரம்பித்துச் சுற்றி வந்தால் சூட்டில் குழாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கடைசியில் நடுக்குழாயில் ஓட்டம் (சுற்றும்போது மையம் விலகி ஆடுகிற அளவு) 0.15 மி.மீ. 0.25-க்குள் இருந்தால் பேலன்ஸிங்கில் (எடையைச் சமப்படுத்துவதில்) சமாளிக்கலாம், இது அதற்கும் கீழே.

ஜனவரி 24, புதன்

பேலன்ஸிங்குக்கு நாமக்கல் போனேன். லாரி ஊர், ஷாஃப்ட் வேலைக்கு அங்கே பஞ்சமில்லை. மெஷினில் இருந்த பையன் என் ஷாஃப்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "அண்ணா, இது எத்தனை சுத்து போகும்?" என்று கேட்டான். 120 கி.மீ. வேகத்தில் 4,800 என்றேன். அவன் முகம் மாறியது. அப்புறம் காட்டிய அக்கறைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அடாப்டரைப் பூட்டிய நிலையிலேயே பேலன்ஸ் செய்யச் சொன்னேன். முடிந்ததும் தட்டிலும் யோக்கிலும் நேர்க்கு நேர் பஞ்ச் குறி. கழற்றி வேறு விதமாகத் திருப்பி மாட்டினால் செய்த பேலன்ஸ் வீண்.

ஓவர்டிரைவ் போட்டால் ஷாஃப்ட் இன்னும் வேகமாகச் சுற்றுமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இன்ஜினை விட வேகமாகச் சுற்றும், உண்மை. ஆனால் டிஃபரன்ஷியல் மாறவில்லை, 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் முன்பும் 4,000, இப்போதும் 4,000. குழாய் குட்டையானதால் வளைந்து துள்ளும் வேகம் இன்னும் மேலே போய்விட்டது. நீளம் குறையக் குறைய அது வர்க்கத்தில் ஏறும்.

ஜனவரி 28, ஞாயிறு

மாட்டியாயிற்று. ஹை டென்சைல் போல்ட், நைலாக் நட். போல்டின் மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் ஃபிளேஞ்ச் ஓட்டைக்குள் நிற்க வேண்டும். மரைப் பகுதி நின்றால் அது அரைபட்டு ஓட்டையை அகலப்படுத்தும்.

காலை ஆறு மணிக்கு நீலாம்பூர் பைபாஸ். 60, 80, 90. 85-இல் ஒரு ரீங்காரம். கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன், ரீங்காரம் நின்றது. ஷாஃப்டாக இருந்தால் வண்டி உருளும்வரை தொடர்ந்திருக்கும். தேடினால் சைலன்சர் குழாய் டனலை உரசிக்கொண்டிருந்தது. கிளாம்பைத் தளர்த்தி நகர்த்தினேன், போய்விட்டது. பிறகு 100-இல் சுவிட்சைத் தட்டினேன். டக்கோமீட்டர் முள் 3,200-க்கு இறங்கியது. கியர் குச்சியில் விரல் வைத்தால் அதிர்வே தெரியவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

சேலம் போய் வந்த பிறகு ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தேன். எல்லா நட்டும் போட்ட குறியிலேயே நிற்கின்றன. கிராஸுக்கு கிரீஸ் அடித்தேன். ஓவர்டிரைவும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைக் குடிப்பதால் அளவைப் பார்த்து கொஞ்சம் ஊற்றினேன். டனல் மூடியின் விளிம்புக்கு ரப்பர் பட்டை வாங்க வேண்டும், பழையது நைந்துவிட்டது.