பழைய கேரவனுக்கு கையாலயே பெயிண்ட்

மார்ச் 8, சனி
கருப்பு டீ-ஷர்ட்டோட கேரவன்ல சும்மா சாஞ்சு நின்னேன், முதுகு பூரா வெள்ளை மாவு, சுண்ணாம்பு செவுத்துல சாஞ்ச மாதிரி. வெயில் பட்டுப் பட்டு பழைய பெயிண்ட் செத்துப் போச்சுன்னு அர்த்தம். இதுக்கு மேலயே அடிச்சா புது பெயிண்ட் மாவுல ஒட்டும், வண்டில ஒட்டாது. அதனால இன்னைக்கு முழுக்க கழுவுற வேலைதான். ஜன்னலுக்குக் கீழ இறங்குன கருப்புக் கோடு மட்டும் மூணு தடவை தேய்ச்சும் லேசா இருக்கு.

கழுவும்போதே கட்டைவிரலால அங்கங்க அமுக்கிப் பாத்துக்கிட்டே வந்தேன். பின்னாடி இடது லைட்டுக்குக் கீழ தகடு மெத்துன்னு உள்ள போகுது. லைட்ட கழட்டிப் பாத்தா உள்ள மரச்சட்டம் ஈரம். திறந்தே வெச்சிட்டேன், காயட்டும்.

மார்ச் 9, ஞாயிறு
சிலிக்கான். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் எங்க ஒழுகுச்சோ அங்கெல்லாம் பாத்ரூம் இடுக்கு அடைக்கிற சிலிக்கான் பசையை அப்பி வெச்சிருக்காரு, அதுவும் விரலால. பிளேடு வெச்சா அலுமினியத்துல கோடு விழும்னு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர்லயே சுரண்டுனேன், சுரண்டுனதுக்கு அப்புறமும் கண்ணுக்குத் தெரியாம ஒரு படலம் நிக்கும், அதுமேல பெயிண்ட் பட்டா வட்ட வட்டமா விலகி ஓடிடும். தண்ணி தெளிச்சுப் பாத்தேன், பரவலா நின்னா சுத்தம், முத்து முத்தா திரண்டா இன்னும் இருக்கு. மத்தியானம் வரைக்கும் முத்துதான். உப்புத்தாள் போடுறதுக்கு முன்னாடியே இத முடிச்சிடணும், இல்லன்னா தேய்க்கிற தேய்ப்புல அது வண்டி பூரா பரவிடும்.

மார்ச் 15, சனி
240 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400. எல்லாமே தண்ணி தொட்டுத்தான், பழைய பெயிண்ட்ல ஈயம் இருந்தாலும் இருக்கும், அந்தத் தூசி மூக்குக்குள்ள போகக்கூடாது. மாஸ்க்கும் போட்டிருந்தேன். சமதளமெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, ரிவெட் தலைங்கதான் உயிரை வாங்குச்சு, ஒவ்வொண்ணையும் சுத்தி விரல் நுனியால. நகம் ரெண்டு போச்சு.

மார்ச் 16, ஞாயிறு
தகடு வெளிய தெரியுற இடத்துக்கெல்லாம் எட்ச் ப்ரைமர், அதாவது உலோகத்த லேசா அரிச்சுப் பிடிச்சுக்கிற அடிப்பூச்சு. வெறும் அலுமினியத்துல நேரா பெயிண்ட் அடிச்சா உரிஞ்சு வந்துடும். அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்த மறுபடி லேசா தேய்ச்சேன், ஏன்னா அலுமினியம் காத்து பட்டவுடனே மேல ஆக்சைடு கட்டிக்கும். ரெண்டு பள்ளத்துக்கு பட்டி பாத்தேன். வேற ஒண்ணும் இல்ல.

மார்ச் 22, சனி
முதல் கோட்! படகுக்கு அடிக்கிற மரைன் எனாமல், ஹார்ட்னர் தனியா கலக்கத் தேவையில்லாத வகை, கூட கொஞ்சமா தின்னர். மச்சான் 4 இஞ்ச் ஃபோம் ரோலர்ல முன்னாடி உருட்டிட்டுப் போக, நான் பின்னாடியே காய்ஞ்ச பிரஷ் நுனியால பட்டும் படாம மேலருந்து கீழ ஒரு இழுப்பு. ரோலர் விட்ட குமிழியெல்லாம் அப்படியே அடங்குறத பக்கத்துல நின்னு பாக்கணும், ஒரு பத்து செகண்டுல பிரஷ் கோடும் தானா படிஞ்சிடும். ஓரம் காயறதுக்குள்ள அடுத்த பட்டைய சேத்துடணும், இல்லன்னா இணைப்பு தெரியும், அதான் தனியாளா இந்த வேலை ஆகாதுன்னு சொல்றேன். வெயில் அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள நிழல் பக்கமா அடிச்சோம்.

காய்ஞ்சப்புறம் பாத்தா திட்டுத்திட்டா பழசு தெரியுது. "மாமா, இதுக்கு முன்னாடி இருந்ததே தேவலாம்போல"ன்னான். முதல் கோட் அப்படித்தான்டா இருக்கும்னு சொன்னேன், ஆனா எனக்கும் வயித்துல புளியக் கரைச்சுது.

மார்ச் 23, ஞாயிறு
லேசா தேய்ச்சு, துடைச்சு, ரெண்டாவது கோட். மூடிடுச்சு. வாசல் பக்கம் ஒரு இடத்துல மட்டும் வழிஞ்சு நிக்குது, பேராசைப்பட்டு கனமா போட்டதால. ஈரத்துல கை வெச்சா இன்னும் கெடும், முழுசா காயட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

முட்டாள்தனம் வேற: ஜன்னல்ல தெறிச்ச சொட்ட தின்னர் துணியால துடைச்சேன். அது கண்ணாடி இல்ல, அக்ரிலிக். அந்த இடம் மங்கி, மயிரிழை மயிரிழையா வெடிச்சுப் போச்சு. வெறும் சோப்புத் தண்ணி போதுமா இருந்திருக்கும். மாஸ்கிங் டேப்ப மட்டும் பெயிண்ட் முழுசா இறுகறதுக்குள்ள உரிச்சேன், கோடு கத்தி மாதிரி நிக்குது.

மார்ச் 30, ஞாயிறு
மரச்சட்டம் காய்ஞ்சிடுச்சு, அமுக்குனா உள்ள போகல. லைட்டுக்குப் பின்னாடி பியூட்டைல் டேப் (தண்ணி புகாம அடைக்கிற, மெத்துன்னு இருக்கிற ஒட்டுப் பட்டை) வெச்சு மாட்டுனேன், ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா முறுக்க முறுக்க ஓரத்துல பிதுங்கி வந்தத நகத்தால எடுத்துட்டேன். வீட்ல பாதி ட்யூப் சிலிக்கான் இருந்துச்சு. தூக்கிப் போட்டேன்.