பெயர் எடுத்த வண்டிகளின் தடித்த கோப்புகள்

எங்கள் பணிமனையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோப்பு உண்டு. எண்ணெய் மாற்றியது முதல் என்ஜின் இறக்கியது வரை எல்லாம் அதில் பதிவாகும். நில ஆய்வுக் குழுக்களைச் சாலையே இல்லாத இடங்களுக்கு ஏற்றிச் செல்லும் நான்கு சக்கர இயக்க வண்டிகள் இவை. அவற்றை ஓடும் நிலையில் வைத்திருப்பது என் வேலை. புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் அலமாரியைத் திறந்ததும் குழம்பிப்போவார்கள். ஓட்டுநர்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்கும் வண்டியின் கோப்புதான் இருப்பதிலேயே தடிமனாக இருக்கும். “இத்தனை தடவை பழுது பார்த்த வண்டியையா அண்ணே நம்பகமான வண்டி என்கிறீர்கள்?” என்று ஒருவன் கேட்டான். பக்கம் பக்கமாகப் படித்துப் பார் தம்பி என்றேன்.

படித்தால் புரியும். சீல், பேரிங், புஷ், ரேடியேட்டர் ஹோஸ், ஷாக் அப்சார்பர், மறுபடியும் சீல். பெரும்பாலும் அரை நாளில் முடிந்த வேலைகள். ‘வண்டி கட்டி இழுத்து வரப்பட்டது’ என்ற வரி அபூர்வமாகத்தான் வரும். மெல்லிய கோப்புகளில் பதிவுகள் குறைவு. ஆனால் ஒவ்வொரு பதிவும் வண்டி வாரக்கணக்கில் நின்ற கதையாக இருக்கும். ஒன்றிரண்டு பதிவுகளுக்குப் பிறகு கோப்பே முடிந்துவிட்டிருக்கும், வண்டியை விற்றிருப்பார்கள். கெட்டுப்போகாத வண்டி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. எது கெடும், எப்போது கெடும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல பெயர் அவற்றுக்குத்தான் வந்து சேர்கிறது.

முன் ஆக்சிலின் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தண்டாக இருக்கும் பழைய வடிவ முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உருண்டையான இரும்புக் கூடு இருக்கும். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே சுழற்றவும் உதவும் ஜாயின்ட் அதற்குள் கெட்டியான கிரீஸில் புதைந்திருக்கும். என்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெய் அந்தப் பக்கம் போகாமல் தடுப்பது ஒரு சின்ன சீல். அது தேய்ந்ததும் எண்ணெய் மெல்லக் கசிந்து கிரீஸோடு கலக்கும். கிரீஸ் கூழாகும். பிறகு உருண்டையின் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஃபெல்ட் வளையத்தைத் தாண்டி, சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்பாக வழியும். குனிந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். விரலில் தொட்டு முகர்ந்தால் கியர் எண்ணெயின் கந்தக நெடி அடிக்கும். வெறும் கிரீஸுக்கு அந்த நெடி இல்லை. அந்த நெடி வந்த பிறகும் வண்டி பல மாதம் ஓடும். அதற்குள் சீல் பெட்டியை வரவழைத்து, ஓய்வான ஒரு நாளில் பிரித்து மாற்றிவிடலாம். முழங்கை வரை கறுப்பாகும் அழுக்கு வேலை, யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் செய்ய முடிகிற வேலை.

பின் ஆக்சிலிலும் இதே சங்கதிதான். கனமான வண்டிகளில் முழு மிதவை ஆக்சில் என்ற அமைப்பு இருக்கும். வண்டியின் எடையை ஆக்சில் குழாயின் முனையில் மாட்டியிருக்கும் ஹப் என்ற சக்கர நடுக்கூடும், அதற்குள் உள்ள இரண்டு பேரிங்குகளும் சுமக்கின்றன. உள்ளே ஓடும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது ஒன்றே வேலை. அது முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஜாக்கி வைக்காமலேயே, சக்கரத்தைக் கழற்றாமலேயே தண்டை வெளியே உருவிவிடலாம். டொயோட்டாவின் லேண்ட் குரூசரில் இந்தத் தண்டின் தட்டை நட்டுகளோடு கூம்பு வடிவ வாஷர்களும் இறுக்கிப் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றியதும் அந்த வாஷர்கள் வெளியே வந்துவிடாது. தட்டின் நடுவில் பித்தளைக் கம்பி வைத்து ஓங்கி ஓர் அடி, அவ்வளவுதான். எல்லாம் துள்ளிக்கொண்டு வந்துவிடும். இதைத் தெரியாதவர்கள் உளி வைத்து நெம்பித் தட்டைப் பாழாக்கிய வண்டிகளும் எங்களிடம் வந்திருக்கின்றன. இலகுவான கார்களில் உள்ள அரை மிதவை ஆக்சிலில் எடையையும் தண்டே சுமக்கிறது. செலவு குறைவு, கனமும் குறைவு, நல்ல சாலையில் ஒரு குறையும் இல்லை. பாரம் ஏற்றிக் கல்பாதையில் ஓட்டும்போதுதான் வித்தியாசம் வெளிப்படும்.

என்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓட்டுநர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள். லேண்ட் குரூசரில் வரும் டொயோட்டாவின் 1எச்இசட் டீசல் என்ஜின் 1990ல் வந்தது. ஆறு சிலிண்டர், 4,164 சிசி, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கிடையாது. இத்தனை பெரிய என்ஜின் தருவது சுமார் 130 குதிரைத்திறன்தான், அதாவது லிட்டருக்கு முப்பதுக்குச் சற்று அதிகம். இன்றைய இரண்டு லிட்டர் டர்போ டீசல்களில் லிட்டருக்கு நூறு குதிரைத்திறன் தருபவையும் உண்டு. 1எச்இசட்டின் ஆயுளின் சூட்சுமம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பிஸ்டன், பேரிங், சிலிண்டர் ஹெட் எதுவும் தன் தாங்குசக்தியின் விளிம்புக்குத் தள்ளப்படுவதில்லை. வெப்பமும் அழுத்தமும் மட்டோடு நிற்கின்றன. அதற்கான விலையை மேட்டில் கொடுக்க வேண்டும். பாரத்தோடு ஏறும்போது பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் முந்திப் போகும், நம் ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கியரில் போவார். இந்த என்ஜினுக்கு சாவே இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இதிலும் டைமிங் பெல்ட் உண்டு, அதற்கு வயதும் உண்டு. மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்ததும் எதிரே விளக்கு எரியும். அந்த விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு வண்டியை விற்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் என்ஜின்கள் வடிவமைப்பால் சாவதைவிடத் தூசியால் சாவதை அதிகம் பார்த்திருக்கிறேன். மண்பாதைத் தூசியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. சாதாரண எஃகைவிடக் கடினமானது அது. ஏர் ஃபில்டரின் ஓரத்து ரப்பர் சரியாகப் பொருந்தாமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் அரைபட ஆரம்பித்துவிடும். வண்டி திரும்பி வந்ததும் நான் முதலில் செய்வது ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதற்கு அப்பால் என்ஜினை நோக்கிப் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் துடைப்பது. விரல் சுத்தமாக வந்தால் நிம்மதி. மாவு போல ஒட்டினால் கிலோமீட்டர் மீட்டர் என்ன காட்டினாலும் எனக்கு அக்கறையில்லை, அந்த என்ஜினின் ஆயுளில் ஒரு பகுதி போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை, அக்கறை மிகுந்த ஓட்டுநர்களும் இந்தத் தப்பைச் செய்வார்கள். தினமும் ஃபில்டரை எடுத்துக் காற்றழுத்தக் குழாயை வெளிப்பக்கத்திலிருந்து பிடித்து ஊதுவார்கள். தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும், காகிதம் கிழியவும் செய்யும். உண்மையில் கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டு, ஊத வேண்டியபோது மட்டும் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊதினால் போதும்.

தண்ணீருக்கும் இதே போலக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் டிஃபரன்ஷியல் கூடு சூடாகி, உள்ளே காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறக்கினால் கூடு சட்டென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். காற்று போய்வர பிரீதர் என்ற சின்னத் துளை இருக்கிறது. அது மண் அடைத்துக் கிடந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் துளை வழியாகவே உறிஞ்சும். அடுத்த முறை வடிகால் திருகைக் கழற்றும்போது எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வரும். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் கிரவுன் பல்சக்கரமும் துருப்பிடித்துப் போகும். பிரீதரை ஒரு ரப்பர்க் குழாயால் உயரே நீட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இதைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பும் வண்டியை வடிவமைத்தவர், ஒருமுறையாவது தண்ணீரில் இறங்கியவராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனியாக, ஆக்சில் ஒரே தண்டாக இருந்தால்தான் வண்டி நீடிக்கும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 1977ல் வந்த லாடா நிவாவில் தனிச் சேசிஸ் கிடையாது. முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடுபவை. அதுவும் பனியிலும் சேற்றிலும் பல பத்தாண்டுகள் பெயரோடு ஓடியது. எளிமையும் எடைக் குறைவும் அதற்குக் கைகொடுத்தன. சுசுகி ஜிம்னிக்கும் எடைக் குறைவு கைகொடுக்கிறது. அதன் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். எடை குறைவாக இருந்தால் ஸ்பிரிங், பிரேக், பேரிங் எல்லாமே குறைவாக உழைக்கின்றன. பெரிய வண்டிகளின் கூரையில் கூடாரம், தண்ணீர் டப்பா, இரண்டு மாற்றுச் சக்கரம் என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்கள், எந்த வண்டியின் பெயரை நம்பி வாங்கினார்களோ அந்த வண்டியை அன்றே வேறு வண்டியாக்கிவிடுகிறார்கள்.

பெயர் பரவிய விதத்திலும் இரும்புக்கு வெளியே உள்ள காரணங்கள் உண்டு. 1948ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்த லேண்ட் ரோவருக்கு அலுமினியக் கலவை உடல். போருக்குப் பிந்தைய எஃகுப் பஞ்சம் அதற்கு முக்கியக் காரணம். உடல் துருப்பிடிக்கவில்லை என்று உலகம் மெச்சியது. அடியில் இருந்த எஃகுச் சேசிஸ் துருப்பிடித்துக்கொண்டுதான் இருந்தது. டொயோட்டாவின் பிஜே வண்டி 1951ல் ஃபூஜி மலையின் ஆறாவது நிலை வரை ஏறியது. அதற்கு லேண்ட் குரூசர் என்ற பெயர் 1954ல் வந்தது. ஆனால் மலையேறிய சாதனையைவிட, 1984ல் வந்த லேண்ட் குரூசர் 70 வரிசை இன்றும் உற்பத்தியில் இருப்பதுதான் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம். ஒரே வடிவம் நெடுங்காலம் நீடித்தால் அதன் சீல் எந்த மூலையிலும் கிடைக்கும், கைபழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். உதவி அமைப்புகளும் சுரங்கங்களும் மொத்தமாக வாங்குவதால் உதிரிபாகம் அவர்களைத் தேடிப் போகிறது. பாகம் கிடைப்பதால் மேலும் வாங்குகிறார்கள்.

இதில் இன்னொரு சுழலும் சேர்ந்துகொள்கிறது. பெயர் எடுத்த வண்டிக்கு மறுவிற்பனை விலை அதிகம். அதனால் பழசாகிப் போனாலும் அதன்மேல் செலவு செய்யச் சொந்தக்காரர் தயங்குவதில்லை, கியர்பாக்ஸ் போனால் புதிது போடுகிறார். அதே வயதுள்ள, பெயர் இல்லாத வண்டிக்கு கியர்பாக்ஸ் போனால் பழைய இரும்புக்குப் போகும். ஒன்று நெடுங்காலம் சாலையில் தெரிகிறது, மற்றது காணாமல் போகிறது. பார்க்கிறவர் இரும்பின் தரம் என்று முடிவு கட்டுகிறார். நான் பாதிப் பெருமையைச் செலவு செய்தவர்களுக்கே கொடுப்பேன். பெயர் நிறுவனத்துக்கு மொத்தமாகச் சேர்வதும் சரியல்ல. 2016ல் அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துரு தொடர்பான வழக்கில் டொயோட்டா சமரசத்துக்கு உடன்பட்டது. ஒரே முத்திரை, வேறு சேசிஸ், வேறு கதை.

எனக்குள்ள உண்மையான கவலை காலத்தைப் பற்றியது. ஒரு வண்டியின் நீண்டகால நம்பகத்தன்மை தெரிய அது நீண்ட காலம் ஓடியிருக்க வேண்டும். தெரிந்து பெயர் வருவதற்குள் அந்த வண்டியே கடையில் இருக்காது. 1990ல் செய்த என்ஜினின் புகழை இன்றைய புது வண்டியின் மேல் ஒட்டி விற்கிறார்கள். 70 வரிசையிலேயே 2023ல் 2.8 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ டீசல் வந்துவிட்டது. அது மட்டம் என்று சொல்ல மாட்டேன். சக்தியும் எரிபொருள் சிக்கனமும் அதிகம். பழையதன் கரும்புகையை நினைத்து ஏங்குவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் பழைய என்ஜினில் டீசலைத் தெளிக்கும் மறைமுக இன்ஜெக்ஷன் நாசில் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்கும், ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் இன்றைய காமன் ரெயில் அமைப்புகள் 2,000 பார் வரையிலும் அதற்கு மேலும் போகின்றன. அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் நாசிலுக்குள் டீசலோடு ஒரு துளித் தண்ணீரோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு மணலோ போனால் அது கோப்பில் ‘சீல் மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் முடியாது. புகைவடிகட்டி வேறு, மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் கரியை எரிக்கத் தேவையான சூடு கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். எங்கள் வண்டிகள் ஊர்வதற்காகவே வாங்கப்படுபவை.

இப்போது நிர்வாகம் பழைய வண்டிகளில் சிலவற்றை மாற்ற நினைக்கிறது. எந்த வண்டி என்று கருத்துக் கேட்டார்கள். வண்டியின் பெயரைக் குறிப்பிடாமல் கேள்விகளாக எழுதிக் கொடுத்தேன்: டீசல் ஃபில்டரும் தண்ணீர் பிரிப்பானும் எத்தனை நாளில் கைக்கு வரும், கோளாறு படிக்கும் கருவியை எங்களுக்கும் விற்பார்களா அல்லது ஒவ்வொரு முறையும் அவர்களையே கூப்பிட வேண்டுமா, ஹப் பேரிங்கைப் பிரித்து இறுக்க முடியுமா அல்லது முழுசாகத்தான் மாற்ற வேண்டுமா, சேசிஸின் உட்புறத்தைக் கழுவத் துளை இருக்கிறதா. விற்பனைப் பிரதிநிதி பளபளப்பான விளக்கப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். திரை எத்தனை அங்குலம், இருக்கை எத்தனை விதமாகச் சாயும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் கேட்டதற்கு விடையில்லை. கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு, காட்டுவதற்குக் கொண்டுவந்திருந்த வண்டியின் அடியில் அட்டையைப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். சேசிஸில் துளைகள் தாராளமாகவே இருந்தன. பின் ஆக்சிலின் பிரீதர் மட்டும் ஆக்சில் மேலேயே முடிந்திருந்தது. வாங்குவதென்றால் முதல் வாரமே குழாய் போட்டு நீட்ட வேண்டியிருக்கும் என்று குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.