ரீஃபைனான்ஸ் மதிப்பீடு: துடைப்பத்துக்கு முன் எடுக்க வேண்டிய கோப்பு

ரீஃபைனான்ஸுக்காக, அதாவது இருக்கும் வீட்டுக் கடனைப் புதிய கடனாக மாற்றிக்கொள்வதற்காக, மதிப்பீட்டாளர் வரப்போகிறார் என்ற மின்னஞ்சல் வந்ததும், அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது துடைப்பத்தைத்தான். வீட்டைக் கூட்டிப் பெருக்குவதில் தவறேதும் இல்லை. ஆனால் வருபவர் விருந்தாளியும் அல்லர், வீடு வாங்க வந்தவரும் அல்லர். நாம் கடனைக் கட்டாமல் போனால் இந்த வீட்டை விற்று எவ்வளவு மீட்க முடியும் என்று கணக்குப் பார்க்கும் கடன் நிறுவனத்துக்காக அறிக்கை எழுத வந்தவர். சோபாவின் நிறமும் புதுத் திரைச்சீலையும் அந்த அறிக்கையில் இடம்பெறுவதில்லை. எங்கள் வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்தபோது எனது நேரத்தில் பெரும்பகுதியைப் பழைய ரசீதுகளைத் தேடுவதிலும் சிறு பழுதுகளைச் சரிசெய்வதிலுமே செலவிட்டேன். அந்த ஒழுங்கு சரியானது என்பதே என் கருத்து.

எதையும் தொடங்குமுன் கடன் அதிகாரியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது: மதிப்பீடு தேவைதானா? வீட்டுக் கடன்களைக் கடன் நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய நிறுவனங்களின் கணினி முறைகள், ஏற்கெனவே போதிய தரவு உள்ள வீடுகளுக்கு மதிப்பீட்டிலிருந்து விலக்கு அளிப்பதுண்டு. அரசு அமைப்பான எஃப்எச்ஏ காப்பீடு அளிக்கும் கடனை, எஃப்எச்ஏ ஸ்ட்ரீம்லைன் என்ற சுருக்க முறையில் மாற்றுவோருக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான விஏ கடனை வட்டிக் குறைப்புக்காக மட்டும் மாற்றுவோருக்கும் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. விலக்குக் கிடைத்தால் கட்டணமும் மிச்சம், காத்திருப்பும் மிச்சம்.

மதிப்பீடு தேவை என்றால், வீடு வாங்கும்போது நடந்த மதிப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது, விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட விலை ஒன்று ஒப்பந்தத்தில் இருந்தது. மதிப்பீட்டாளர் கையில் அந்த ஒப்பந்தமும் இருந்தது. ரீஃபைனான்ஸில் அப்படி ஓர் எண் கிடையாது. நாம் எதிர்பார்க்கும் மதிப்பைக் கடன் நிறுவனம் அவரிடம் முன்கூட்டிச் சொல்வதற்கும் விதிகள் இடம் தரவில்லை. ஆகவே அண்மையில் அக்கம்பக்கத்தில் விற்ற, நம்முடையதைப் போன்ற வீடுகளின் விலைகளே முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. குறைந்தது 3 விற்பனைகளை அவர் எடுத்து, ஒவ்வொன்றையும் நம் வீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, கூட்டியும் கழித்தும் ஒரு மதிப்புக்கு வருகிறார். நம் வீட்டைப் பற்றிய விவரம் அவருக்குத் தெரியாமல் போனால், அந்தக் கூட்டலில் நமக்கு வரவேண்டியது வராது.

இந்த எண் சிறிது நகர்ந்தாலும் கையிலிருந்து போகும் பணம் மாறும். 3,60,000 டாலர் கடன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பு 4,50,000 என்று வந்தால் கடன் சரியாக 80 சதவீதம். வழக்கமான கடனில் தனியார் அடமானக் காப்பீட்டை, அதாவது நாம் கட்டாமல் போனால் கடன் நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்டும் காப்பீட்டை, கேட்கமாட்டார்கள். அதே வீடு 4,40,000 என்று வந்தால் கடன் கிட்டத்தட்ட 82 சதவீதமாகிவிடும். மாதந்தோறும் காப்பீட்டுத் தொகை சேரும், அல்லது வித்தியாசத்தை நாம் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும். வீட்டில் நமக்குச் சேர்ந்த பங்கிலிருந்து (மதிப்பில் கடன் போக மிஞ்சுவது) பணம் எடுக்கும் ரீஃபைனான்ஸிலும், ஒரே குடும்பம் வசிக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் அதே 80 சதவீதம்தான் உச்சவரம்பு.

இனி மதிப்பீட்டாளர் நிரப்பும் அறிக்கைப் படிவம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். ஃபேனி மே 1004 என்றும் ஃப்ரெடி மேக் 70 என்றும் எண்ணிட்டுப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவந்த படிவத்தை இவ்விரு நிறுவனங்களும் புதிய வடிவத்துக்கு மாற்றி வருகின்றன. ஆயினும் கேள்விகளின் சாரம் அதேதான். வீட்டின் நிலைக்கு சி1 முதல் சி6 வரை ஒரு தரம் இட வேண்டும். சி1 என்பது யாரும் குடியேறாத புது வீடு. சி3 நன்கு பராமரிக்கப்பட்டு, சாதாரணத் தேய்மானம் மட்டும் உள்ள வீடு. சி4 சிற்சில பராமரிப்பு வேலைகள் தள்ளிப்போடப்பட்ட வீடு. சி6 பாதுகாப்பையோ கட்டுமான உறுதியையோ பாதிக்கும் சேதமுள்ள வீடு. பழைய வீடுகளில் பெரும்பாலானவை சி3, சி4 ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் ஊசலாடுகின்றன. ஒப்பிடப்படும் வீடுகள் சி3 ஆகவும் நம்முடையது சி4 ஆகவும் நின்றால், அந்த ஒரு படிக்காகவே நம் மதிப்பு குறையலாம். தள்ளிப்போட்ட சிறு வேலைகளை முடிக்க இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தரத்தோடு இன்னொரு கேள்வியும் உண்டு. சமையலறையும் குளியலறைகளும் கடந்த 15 ஆண்டுகளுக்குள் மாற்றப்பட்டனவா? மாற்றப்பட்டிருந்தால் மேலோட்டமான புதுப்பித்தலா, முழுமையான மறுசீரமைப்பா? ஓராண்டுக்குள்ளா, 1 முதல் 5 ஆண்டுகளுக்குள்ளா, 6 முதல் 10க்குள்ளா, 11 முதல் 15க்குள்ளா? இவற்றை மதிப்பீட்டாளர் பார்வையாலேயே முழுவதும் ஊகிக்க முடியாது. நன்கு பேணப்பட்ட சமையலறை 4 ஆண்டுப் பழையதா 9 ஆண்டுப் பழையதா என்று அலமாரியைப் பார்த்துச் சொல்வது யாருக்கும் கடினம். சுவருக்குள் மாற்றிய குழாய்களும், மாடிக்கு மேலுள்ள அட்டிக்கில் புதிதாகப் போட்ட வெப்பக் காப்பும் கண்ணுக்கே படுவதில்லை. இங்கேதான் கோப்பு உதவுகிறது.

நான் தயாரித்தது ஒரே பக்கத்தில் அடங்கும் பட்டியல். செய்த வேலை, செய்த ஆண்டும் மாதமும், ஆன செலவு, பெர்மிட் (நகராட்சியின் கட்டட அனுமதி) எடுத்ததா இல்லையா என்ற நான்கு விவரங்கள் மட்டும் அதில் இருந்தன. கூரை, ஏசி, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஜன்னல்கள், மின் பலகை, குழாய்கள், சமையலறை, குளியலறைகள், தரை என்ற வரிசையில் எழுதினால் எதுவும் விட்டுப்போகாது. பின்னால் ரசீதுகளின் நகல்களை இணைக்கலாம். வீட்டின் வரைபடம், எல்லை அளவுப் படம், வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் மாதக் கட்டணமும் அதில் அடங்கும் வசதிகளும், சூரியத் தகடுகள் இருந்தால் அவை சொந்தமா குத்தகையா என்பதற்கான ஆவணம் ஆகியவையும் அதே உறையில் இருக்கட்டும். குத்தகைக்கு எடுத்த தகடுகளின் மதிப்பை வீட்டு மதிப்பில் சேர்க்க முடியாது என்பதால் அந்த ஆவணத்தை அவசியம் கேட்பார்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்: சமையலறைக்கு 40,000 டாலர் செலவிட்டோம் என்பதற்காக மதிப்பு 40,000 உயராது. செலவுக் கணக்கு நமக்கு. அந்த வட்டாரத்தில் வாங்குவோர் அதற்கு எவ்வளவு கூடுதலாகத் தருகிறார்கள் என்பதே அவருடைய கணக்கு.

பரப்பளவு பற்றிய குழப்பம் இதைவிடப் பெரியது. 2022 ஏப்ரல் முதல் ஃபேனி மே கடன்களுக்கான மதிப்பீடுகளில் ஆன்சி இசட்765 என்ற அளவீட்டு நெறி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதன்படி கூரை உயரம் 7 அடியாவது இருக்க வேண்டும். சாய்வான கூரையுள்ள அறையில் தரையின் பாதிக்காவது மேலே 7 அடி உயரம் இருக்க வேண்டும், உயரம் 5 அடிக்குக் குறைந்த பகுதி கணக்கில் சேராது. பேஸ்மென்ட் எத்தனை அழகாக முடிக்கப்பட்டிருந்தாலும், அதன் ஒரு பகுதியாவது நிலமட்டத்துக்குக் கீழே இருந்தால், அந்தத் தளம் முழுவதும் நிலமட்டத்துக்கு மேலுள்ள பரப்போடு சேராமல் தனி வரியில் எழுதப்படும். அதற்கு மதிப்பே இல்லை என்று பொருளன்று. ஆனால் ஒரு சதுர அடிக்குரிய மதிப்பு குறைவாகவே இருக்கும். இணையத்தில் காட்டும் சதுர அடி வேறு, மதிப்பீட்டாளரின் சதுர அடி வேறு என்று பலர் திகைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அறையாக மாற்றிய கராஜ், அடைத்துக் கட்டிய பின்திண்ணை போன்றவற்றுக்குப் பெர்மிட் இருந்தால் அதன் நகலை முதலிலேயே தந்துவிட வேண்டும். இல்லாதபோது அதை ஒளிப்பதில் பயனில்லை. நகராட்சிப் பதிவுகளை அவரும் பார்க்கிறார்.

பழுதுகளைப் பொறுத்தவரை என் அளவுகோல் எளிமையானது: புகைப்படத்தில் தெரிவதும், பாதுகாப்பைத் தொடுவதும் முதலில். விதிப்படி சமையலறை, எல்லாக் குளியலறைகள், முதன்மைக் கூடம், அண்மைய புதுப்பிப்புகள், கண்ணில் படும் சேதம் ஆகியவற்றை அவர் படம் எடுத்தாக வேண்டும். கூரைக் கசிவால் உட்கூரையில் படிந்த கறை, கசிவு எப்போதோ நின்றுபோயிருந்தாலும், படத்தில் கசிவாகவே தெரியும். கசிவைச் சரிசெய்த ரசீதோடு கறைக்கு மேல் வண்ணமும் பூசிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. ஆடும் மாடிப்படிக் கைப்பிடி, உடைந்த ஜன்னல் கண்ணாடி, மூடியில்லாத மின் இணைப்புப் பெட்டி, ஒழுகும் குழாய் ஆகியவை ஒரு வார இறுதியில் முடியக்கூடியவை. புகை எச்சரிக்கைக் கருவிகளில் மின்கலம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கார்பன் மோனாக்சைடு கருவியையும், நிலநடுக்கத்தில் சாயாதபடி வாட்டர் ஹீட்டரைச் சுவரோடு கட்டும் பட்டைகளையும் மறக்கக் கூடாது. எஃப்எச்ஏ கடனில் 1978க்கு முன் கட்டிய வீடுகளுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு: ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், உரிந்து தொங்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டி மறுபடி பூசச் சொல்வார்கள்.

இவற்றை முன்கூட்டிச் செய்வதன் பயன் மதிப்பு உயர்வது மட்டும் அன்று. பாதுகாப்புக் குறை தென்பட்டால் அறிக்கை, பழுது சரிசெய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்படும். அதன்பின் நாம் வேலையை முடித்து, அது முடிந்ததென்று உறுதிசெய்ய அவர் மறுபடி வந்து, அதற்குத் தனிக் கட்டணமும் கட்டியாக வேண்டும். குறிப்பிட்ட நாள்வரை மாறாதபடி கடன் நிறுவனத்திடம் பூட்டி வைத்த வட்டி விகிதத்தின் கெடுவும் அதற்குள் நெருங்கிவிடும்.

வரும் நாளன்று பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. எல்லா அறைகளும், கராஜும், அட்டிக் வாயிலும், வீட்டுக்கடியில் ஊர்ந்து செல்லும் இடமும் திறக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். அட்டிக் வாயிலின் கீழே பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தால் நகர்த்திவிடுங்கள், அவர் நகர்த்தமாட்டார். மின்சாரம், நீர், எரிவாயு மூன்றும் இயங்க வேண்டும். நாயைக் கட்டிவைக்க வேண்டும். கூடவே நடந்து ஒவ்வொரு அறையிலும் விளக்கவுரை நிகழ்த்துவதைவிட, உறையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டதற்குப் பதில் சொல்வது மேல். எவ்வளவு மதிப்பு வந்தால் கடன் அமையும் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்ல வேண்டாம். தகவல் தரலாம், குறிப்பிட்ட எண்ணுக்காக அழுத்தம் தரக் கூடாது. நமக்குத் தெரிந்த அண்மைய விற்பனைகளைக் குறித்துக் கொடுப்பது தகவல்தான். குறிப்பாக, பட்டியலுக்கு வராமல் நேரடியாகக் கைமாறிய பக்கத்து வீடு போன்றவை அவர் பார்வைக்கு எட்டாமல் போகக்கூடும்.

மதிப்பு உயர்ந்தால் சொத்து வரியும் உயரும் என்ற அச்சத்தில் புதுப்பிப்புகளை மறைக்க நினைப்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். கடனுக்கான இந்த மதிப்பீடு கடன் நிறுவனத்துக்கானது. வரிக்கான மதிப்பை உள்ளூர் வரி அலுவலகம் தன் சொந்த முறைப்படி நிர்ணயிக்கிறது. ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அறிக்கை எழுதி முடிந்ததும் அதன் நகலைக் கடன் நிறுவனம் நமக்குத் தாமதமின்றித் தந்தாக வேண்டும். எப்படியானாலும் புதிய கடன் கையெழுத்தாகி முடிவதற்கு 3 வேலை நாட்களுக்கு முன்னராவது அது நம் கைக்கு வர வேண்டும். 2014 ஜனவரி முதல் இது நடுவணரசின் விதி. வந்தவுடன் பலர் முதல் பக்கத்திலுள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அறைகளின் எண்ணிக்கை, பரப்பளவு, மனையின் அளவு, சி தரம், சமையலறை பற்றிய வரி, ஒப்பிட்ட வீடுகளின் பட்டியல் ஆகியவற்றை நம் உறையில் இருந்த தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழை இருந்தாலோ, மேலும் பொருத்தமான விற்பனைகள் விடுபட்டிருந்தாலோ, கடன் நிறுவனத்தின் வழியாக மறுபரிசீலனை கோரலாம். இதற்கான நடைமுறை 2024இல் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகியவற்றில் தெளிவாக வகுக்கப்பட்டது. ஒரு மதிப்பீட்டுக்கு ஒருமுறை மட்டும் கோரலாம். அதிகபட்சம் 5 மாற்று விற்பனைகளைத் தரலாம். கடன் கையெழுத்தாவதற்குள் கோர வேண்டும். ஒரே வாய்ப்பு என்பதால், மதிப்பு குறைவாக இருக்கிறது என்ற ஆதங்கத்தை எழுதாமல், எந்தப் பக்கத்தில் எந்த விவரம் தவறு, அதற்கான சான்று எது, எந்த வீடு எந்தத் தேதியில் என்ன விலைக்கு விற்றது, அது ஏன் நம் வீட்டுக்கு நெருக்கமான ஒப்பீடு என்று வரிசையாக எழுதி, நகல்களை இணைத்து அனுப்ப வேண்டும்.