செருப்பு கழன்றால் தெரிகிறதா?

இரவு ஒன்பதரைக்குக் கிளினிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மருந்து அலமாரியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அந்தப் பக்கம் இரண்டு பேர். தங்கச்சி கோயம்புத்தூரில், தம்பி ஓசூரில். இருவரும் குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. மேற்படிப்பு படிக்கிறார்கள். தேர்வு நெருங்கிவிட்டது. நாலு தாள், தாளுக்கு 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதைத் தாண்டினால் செய்முறைத் தேர்வு.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையிலிருந்து தாத்தாவின் புராஸ்டேட் வரை எல்லாமே எங்களுக்குப் பாடம். எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் படிக்கத் தொடங்கி, பாதியில் மூச்சு முட்டி நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் முதல் தடவை அப்படித்தான் படித்தேன். நோயின் பெயர், காரணங்கள், அறிகுறிகள், சோதனைகள், மருந்து என்று வரிசை வரிசையாக. எழுத்துத் தேர்வில் அது கைகொடுத்தது. செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடித்தவர் "தலை சுத்துது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தலைச்சுற்றலுக்குப் பதினெட்டுக் காரணம் எனக்குத் தெரியும். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. அந்த முறை தேறவில்லை.

அதன்பின் ஒரு நோட்டுப் போட்டேன். இன்றும் மேசையில் இருக்கிறது. இடது பக்கம் நோயாளி சொன்ன வார்த்தை, அவர் வாயில் வந்தபடியே. வலது பக்கம் நான் படிக்க வேண்டியது. இரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: நான் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வித்தாளில் எல்லாம் எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். "படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் சுற்றுகிறது" என்று அச்சில் இருந்தால், விடை யாருக்கும் வரும். என் கிளினிக்குக்கு வருகிறவர் "கிறுகிறுன்னு வருது டாக்டரம்மா" என்பதோடு நிறுத்திவிடுவார். மீதி வரியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இவர்கள் இருவருக்கும் நான் சொல்லித்தருவது அந்த ஒரு வரியைத்தான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

கிறுகிறுப்பையே எடுத்துக்கொள்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பந்தலில்தான் விளையும். அதற்கடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று வேலை பார்க்கிற ஒரு அம்மா போன மாதம் வந்தார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டி, தலைச்சுற்றல் மாத்திரை மூன்று வாரம் சாப்பிட்டிருந்தார். "எப்பம்மா வருது? எந்திரிச்சு நிக்கும்போதா, படுக்கையில திரும்பும்போதா?" என்று கேட்டேன். "வலப்பக்கம் ஒருக்களிச்சா வீடே சுத்தும். அண்ணாந்து பாத்தாலும் சுத்தும். அசையாம இருந்தா நின்னுபோகும்."

கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு சட்டென்று படுக்கவைத்தேன். தலை கட்டில் விளிம்பைத் தாண்டிச் சற்றுக் கீழே தொங்க வேண்டும். கண்ணை மூடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். முதல் சில விநாடி ஒன்றுமில்லை. அவசரப்பட்டு எழுப்பிவிடுகிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ஐந்தாவது விநாடி வாக்கில் விழிகள் மேல்நோக்கி வெட்டி வெட்டிச் சுழன்றன. என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. உள்காதிலிருக்கும் நுண்துகள்கள் இடம்மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டதால் வருகிற சுற்றல் இது. மாத்திரை அவற்றை நகர்த்தாது. அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு உடம்போடு உருட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்கு மேல் நிறுத்தி எழுப்பினால் எப்லி முறை முடிந்தது. மறுவாரம் பந்தலுக்குத் திரும்பப் போய்விட்டார்.

அவர் "எந்திரிச்சு நின்னா வருது" என்று சொல்லியிருந்தால் நோட்டின் வலது பக்கம் வேறு. படுக்கவைத்தும், நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். வயதான ஆண்களிடம் பெரும்பாலும் பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ இருக்கும். விடாமல் சுற்றுகிறது, நடக்கவே முடியவில்லை என்றால் மூளையைத்தான் நினைக்க வேண்டும். அப்போது எப்லி செய்துகொண்டிருக்கக் கூடாது.

தம்பிக்குப் பிடித்தது செருப்புக் கேள்வி. "காலு மதமதங்குது" என்று சர்க்கரை நோயாளி சொன்னால் சிவப்பு வரி: "நடக்கும்போது செருப்பு கழண்டா தெரியுதா?" முதன்முதலாக நான் அதைக் கேட்ட பெரியவர், "வீட்டு வாசல்ல வந்துதாம்மா ஒரு கால்ல செருப்பைக் காணோம்னு பாப்பேன்" என்றார். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாலாவது விரலிடுக்கில் கருவேல முள் ஒடிந்து, சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, மோனோபிலமென்ட் என்கிற, 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் இழையை அது வளைகிற வரை பாதத்தில் அழுத்தினால் எங்கே உணர்ச்சி போயிருக்கிறது என்று தெரியும். காய்ப்பு உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. அவர் மெட்பார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர். அதனால் வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த விடையில் சேரும். சர்க்கரையால் வந்த நரம்புச் சேதத்தை முழுசாக மீட்க முடியாது; பி12 குறைவைச் சரிசெய்ய முடியும்.

அடுத்ததை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. வாயால்தான் சொல்வேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பதினோரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தார். வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. வலி ஊசி போட்டுக் கட்டிலில் படுக்கவைத்தோம். அந்தத் தாய் என்னிடம், "கண்ணு சொருகிச் சொருகிப் போகுதேம்மா" என்றார். ராத்திரி தூங்காத களைப்பு என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பையனால் எச்சிலை விழுங்க முடியவில்லை. குரல் மூக்கில் வந்தது. இமையைத் தூக்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்குகிறானே தவிர இமை வரவில்லை. அப்போதுதான் ஒரு மூத்த நர்ஸ் அக்கா கேட்டார்: "ராத்திரி பிள்ளை எங்க படுத்திருந்தான்?" தரையில், பாயில்.

கட்டுவிரியன். அதன் பல் பட்ட தடம் கொசுக்கடி போலக்கூட இராது. வலி இல்லை, வீக்கம் இல்லை. தூக்கத்தில் கடிபட்டவருக்கு வயிற்று வலியோடு விடியும், பிறகு இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். இங்கே ஒரு பொறி உண்டு. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்க்கும் சோதனை கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிக்கு உதவும். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியனில் ரத்தம் ஒழுங்காக உறையும். உறைந்துவிட்டது, பாம்பில்லை என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும், வார்டில் உயிர் போகும். குழந்தைக்கும் பெரியவர் அளவே விஷமுறிவு மருந்து, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. மருந்தைவிட முக்கியம், மூச்சுக்குச் செயற்கைத் துணை. அந்தப் பையன் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தான். நாலாம் நாள் கண் திறந்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். "கண்ணு சொருகுது" என்பது என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

காய்ச்சலுக்கு இரண்டு சிவப்பு வரி. "எங்க வேலைக்குப் போறீங்க?" எங்கள் ஊர் ஆட்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். புதர்க்காட்டில் வேலை, ஒரு வாரக் காய்ச்சல், தலைவலி என்றால் ஆடையை விலக்கி அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் எல்லாம் தேட வேண்டும். சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருந்தால் புதர்ப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், மருந்து டாக்சிசைக்ளின். இரண்டாவது வரி டெங்குவுக்கு: "காய்ச்சல் விட்டு எத்தனை நாளாச்சு?" விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு நாள்தான் ஆபத்து. வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, எங்காவது ரத்தக் கசிவு என்றால் காத்திருக்கக் கூடாது.

குழந்தையின் இருமலுக்குக் கேள்வியே வேண்டாம். சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சு, நிமோனியாவை நினைக்க வேண்டும். தங்கச்சிக்கு இது மனப்பாடம்.

நேற்று இரவு பயிற்சிக்குத் தங்கச்சியை ஒரு தாயாக நடிக்கச் சொன்னேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. தம்பி அருமையாகக் கேட்டான். எத்தனை தடவை, ரத்தம் உண்டா, தண்ணீர் குடிக்கிறானா, கண் குழிந்திருக்கிறதா. ஓ.ஆர்.எஸ். கரைக்கச் சொன்னான், துத்தநாகம் 20 மில்லிகிராம் 14 நாள் என்றான், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்றும் சொன்னான். முடிந்துவிட்டது என்று பேனாவை வைத்தான்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு தங்கச்சி சொன்னாள்: "அக்கா, இவன் என்னைய ஒண்ணு கேக்கவே இல்ல. என் நாத்தனார் பிள்ளை பேதியிலதான் போச்சு. அந்தப் பயத்துலதான் நான் ராத்திரியில தூக்கிட்டு ஓடி வந்தேன்."

அப்படி ஒரு நாத்தனார் பிள்ளையை நான் பயிற்சிக் குறிப்பில் எழுதவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். மணி பத்தே முக்கால்.

"சரி, அவங்க இப்பத்தான் உள்ள வர்றாங்க. முதல்லருந்து கேளு" என்றேன்.