புது வீட்டில் சாக்கடை நாற்றம்: ஓட்டையைத் தேடிப் பிடிப்பது எப்படி

சாக்கடை வாடை வந்ததும் எல்லோருடைய கையும் ஃபினாயில் பாட்டிலுக்குத்தான் போகும். ஊற்றாதீர்கள். ஊற்றிவிட்டால் எது எங்கிருந்து வருகிறது என்று மூக்குக்குப் பிடிபடாது. ஆசிட் இன்னும் மோசம். குழாய்ச் சகதியில் உள்ள சல்ஃபைடோடு சேர்ந்து, சாக்கடை நாற்றத்துக்குக் காரணமான அதே ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயுவைத்தான் கிளப்பிவிடும்.

தேடத் தொடங்குமுன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சமையல் கேஸில் சேர்க்கும் நாற்றப் பொருளும் அழுகல் வாடைதான் அடிக்கும். கேஸ் என்று துளி சந்தேகம் இருந்தாலும் வால்வை மூடி, சன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து கேஸ்காரரைக் கூப்பிடுங்கள். வெந்நீர் திறக்கும்போது மட்டும் முட்டை நாற்றம் வந்தால் கோளாறு கீசரில். ஒரு டம்ளரில் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் முகர்ந்தால் தெரிந்துவிடும்.

மூக்கு காட்டுவது அறையைத்தான், ஓட்டையை அல்ல. இந்த வாயு நுகரும் உணர்வையே மழுங்கடிக்கும் என்பதால், வாடை குறைந்துவிட்டது என்று தோன்றுவதையும் நம்ப முடியாது. ராத்திரி கதவு சன்னலை மூடி வைத்து, காலையில் வெளிக்காற்றில் சற்று நின்றுவிட்டு உள்ளே வந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் வாடை கூடினால் அந்த அறைக்குள் ஏதோ ஒரு கழிவுக் குழாய் வாய் திறந்திருக்கிறது என்று பொருள். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக அந்த வாய் வழியாகக் குழாய்க் காற்று உள்ளே வரும்.

அடுத்து ட்ராப்கள், அதாவது கழிவு வாய்க்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பகுதிகள். ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்தால் தண்ணீர் மின்ன வேண்டும். வழக்கமாக 50 மி.மீ. ஆழத்துக்காவது தண்ணீர் நிற்கும். வாயுவை மறிப்பது அதுதான். வற்றியிருந்தால் ஒரு மக் ஊற்றுங்கள். வாடை நின்றுவிட்டால் பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஏன் போனது என்று பார்க்காவிட்டால் வாடை திரும்ப வரும். ஒரு குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, யாரும் தண்ணீர் புழங்காமல் ஒரு ராத்திரி விட்டு, மறுபடி அளக்கவும். அளவு அப்படியே இருந்து, கமோடை ஃப்ளஷ் செய்ததும் களகளவென்ற சத்தத்தோடு இறங்கினால் வென்ட் பைப்பில் (கழிவுக் குழாய்க்குக் காற்று கொடுக்க மொட்டை மாடி வரை போகும் குழாய்) காற்று வரவில்லை. குழாயில் உண்டாகும் உறிஞ்சல் ட்ராப் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ராத்திரியிலேயே இறங்கினால் ட்ராப்பில் விரிசல், அல்லது உள் விளிம்பில் சிக்கிய மாப் நூலோ முடிக்கற்றையோ திரி மாதிரி தண்ணீரைக் கசியவிடுகிறது. சிக்கியதைக் கம்பியால் இழுத்து எடுத்தால் போதும்.

புது வீடு என்பதால் மொட்டை மாடிக்கு ஒரு நடை போய்வருவது வீண்போகாது. கசிவுச் சோதனைக்கு வென்ட் வாயில் போட்ட எண்ட் கேப் கழற்றப்படாமல் இருக்கும், அல்லது கலவை விழாமலிருக்கத் திணித்த சிமெண்ட் சாக்குத் துண்டு உள்ளேயே கிடக்கும்.

ட்ராப்பில் தண்ணீர் இருந்தும் வாடை வருகிறதா? அதைச் சுற்றி வரும் வழி இருக்கிறது. கப் வைத்த ஃப்ளோர் ட்ராப்பில் டைல்ஸ் வேலையின்போது கழற்றிய கப்பைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். வாஷ்பேசின் பாட்டில் ட்ராப்பில் உள் வளையம் விடுபட்டிருக்கும். சிங்க் ஹோஸை அதைவிட அகலமான பைப்புக்குள் சும்மா சொருகிவிட்டுப் போயிருப்பார்கள். சுற்றியுள்ள இடைவெளிக்கு ரப்பர் அடாப்டர் வேண்டும். ஏசி தண்ணீர்ப் பைப்பை ட்ராப் இல்லாமல் நேராகக் கழிவுக் குழாயில் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. படுக்கையறையில் வாடை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கமோடை இரு பக்கமும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடியிலுள்ள கனெக்டர் வளையம் சரியாக உட்காரவில்லை. சுற்றிலும் சிலிகான் பூசினால் ஓட்டை மறையும், அடைபடாது. கழற்றி வளையத்தை மாற்றுவதுதான் வழி.

இன்னும் பிடிபடவில்லையா? ஒவ்வொரு வாயையும் பாலித்தீன் போட்டு டேப்பால் ஒட்டி ஒரு ராத்திரி விடவும். காலையில் ஒவ்வொன்றாக ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்தால், குற்றவாளியிடம் மட்டும் குப்பென்று அடிக்கும். எல்லாவற்றையும் மூடியும் அறையில் வாடை இருந்தால் கசிவு சுவருக்குள்தான்: சால்வென்ட் (ஒட்டும் பசை) பூசாமல் சொருகிய பிவிசி மூட்டு, அல்லது அலமாரி மாட்டிய ஸ்க்ரூ துளைத்த குழாய்.

சுவரை உடைக்குமுன் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ட்ராப்களை நிரப்பி, மெஷின் புகையைக் குழாய்க்குள் செலுத்தி, வென்ட்டில் புகை வந்ததும் அதை அடைத்து, 25 மி.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தில் நிறுத்துவார்கள். அந்த அழுத்தம் ட்ராப்பில் நிற்கும் 50 மி.மீ. தண்ணீரைத் தள்ளாது, ஓட்டை வழியாக மட்டும் புகை வரும். ஸ்விட்ச் பாக்ஸ், ஃபால்ஸ் சீலிங், அலமாரியின் பின்பக்கம் ஆகியவற்றில் கண் வைக்கவும். புகைக்கு என்று ஊதுபத்தியோடு டக்ட்டுக்குள் (குழாய்கள் இறங்கும் இடைவெளி) நுழைவது கூடாது. கழிவு வாயுவில் மீத்தேன் உண்டு.

மெஷின் கிடைக்காவிட்டால், சுமார் 60 மி.லி. பெப்பர்மின்ட் எண்ணெயை மாடி வென்ட்டில் ஊற்றி, பின்னாலேயே 10 லிட்டர் வெந்நீர் விட்டு வாயை அடைக்கலாம். ஊற்றியவர் வீட்டுக்குள் வரக்கூடாது, அவர் கையிலும் சட்டையிலும் அதே வாசனைதான். முகர்ந்து பார்ப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

மூட்டைச் சரிசெய்த பிறகு, சுவரைப் பூசுமுன் அதே சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். புழங்காத பாத்ரூமுக்கு வாரம் ஒரு மக் தண்ணீர் போதும். நீண்ட நாள் பூட்டி வைப்பதானால் தண்ணீர் மேல் இரண்டு ஸ்பூன் மினரல் ஆயில் விடலாம். சமையல் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும்.